உப்புத்தாளில் உடைந்தவை

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர், "நாற்காலியில முள்ளு இருக்கா என்ன?" என்று கேட்பார். இப்போது கேட்பதில்லை, பழகிவிட்டது. ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலையில், ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எலும்பு டாக்டர் என் ஆறு வருட உழைப்பை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்க அது ஒன்றுமில்லை. கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெள்ளைத் துண்டு, உள்ளே முழுக்க ஜன்னல் ஜன்னலாக ஓட்டை. நாங்கள் அதைச் சாரம் என்போம். கட்டடம் எழும்புவதற்குச் சாரம் கட்டுவதில்லையா, அதே வேலைதான். எலும்பில் இருக்கும் அதே சத்தைத் தூளாக வாங்கி, களியாகக் குழைத்து, பிரின்டரில் இழை இழையாக அடுக்கி, உலையில் சுட்டு எடுப்போம். எலும்பு போன இடத்தில் இதை வைத்தால், பக்கத்து எலும்பு அந்த ஓட்டைகளுக்குள் ஊர்ந்து வளரும். வளர வளரச் சாரம் கரைந்துபோகும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். என்ன, சுட்ட மண்ணுக்கு உள்ள குணம்தான் இதற்கும். கொஞ்சம் அழுத்தினால் பொலபொலவென்று போய்விடும்.

அப்படிப் போகாமல் பார்ப்பதுதான் என் பிழைப்பு. சுட்ட துண்டைக் கண்ணாடித்தூள் குழம்பில் முக்கி, காற்றை உறிஞ்சி எடுத்தால், குழம்பு கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள்ளெல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு மறுபடி சுட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இதற்குக் குளிப்பாட்டுவது என்று பெயர். குளிக்காத துண்டு பதினொரு மெகாபாஸ்கல் அழுத்தத்தில் நொறுங்கும், குளித்த துண்டு சராசரியாக நாற்பத்துமூன்று தாங்கும். கிட்டத்தட்ட நாலு மடங்கு. எங்கள் துறைத்தலைவர் யாரைப் பார்த்தாலும் வணக்கம் சொல்வதற்கு முன்பே நாலு மடங்கு என்று சொல்லிவிடுவார்.

வியாழக்கிழமை ஆபரேஷனில் இதே போன்ற ஒரு துண்டு போகவிருந்த கை என் நாத்தனாருடையது.

வீட்டில் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவோம். முடி வெட்டும் தொழில், சொந்தக் கடை. வாயும் அப்படித்தான், எது எதிரே வந்தாலும் நறுக்கிவிடும். இரண்டு வருடம் முன்பு மழையில் ஸ்கூட்டர் சறுக்கி, வலது முன்கை எலும்பு உடைந்து, அதில் சீழ் பிடித்து, மூன்று சென்டிமீட்டர் எலும்பை வெட்டி எறிய வேண்டியதாகிவிட்டது. இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்தார்கள், ஒட்டவில்லை. இன்னொரு தடவை வைத்தார்கள், அதுவும் கரைந்தது. "இனிமே இந்தக் கைய ஒரே ஒரு தடவதான் திறக்கலாம்," என்று டாக்டர் சொல்லிவிட்டார். தோலும் ரத்தக் குழாயும் அதற்கு மேல் தாங்காதாம். அந்த ஒரு தடவைக்கு எங்கள் சாரம்தான் என்று முடிவு செய்து, சோதனைக்கான பட்டியலில் முதல் ஆளாக அவளைச் சேர்த்ததும் அவர்தான். அவள் எனக்கு உறவு என்று, அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று. கத்திரி கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணி சுட்டதுல இதுவரைக்கும் வாயில வெக்கிற மாதிரி எதுவும் வந்ததில்ல. கையில வெக்கவாவது ஆகுதான்னு பாப்போம்."

திங்கட்கிழமை நடந்தது ஒத்திகை. பிளாஸ்டிக்கில் செய்த முன்கை எலும்பு, நடுவே இடைவெளி. டாக்டர் துண்டை அதில் வைத்துப் பார்த்தார். ஒரு மயிரிழை நீளம் கூடுதலாக இருந்தது. அவர் மேஜையில் இருந்த தட்டிலிருந்து ஓர் அரத்தை எடுத்து, துண்டின் முனையைச் சர் சர் என்று ராவ ஆரம்பித்தார்.

நான் எழுந்துவிட்டேன். "டாக்டர், என்ன பண்றீங்க?"

"ராவுறேன். பொருந்தணும்ல?"

"ஸ்கேன் அளவுக்குத்தானே சார் பிரின்ட் பண்ணியிருக்கோம்?"

"ஸ்கேன் ஒண்ணு சொல்லும்மா, திறந்து பாத்தா கை வேற ஒண்ணு சொல்லும். எலும்பு முனைய ரத்தம் கசியிற வரைக்கும் சீவிட்டுத்தான் வெப்பேன். அப்ப அளவு மாறாதா? இருபது வருஷத்துல நான் எதையும் ராவாம வெச்சதில்ல."

துண்டு உடையவில்லை. கச்சிதமாகப் பொருந்தியது. எல்லோரும் கைதட்டினார்கள், துறைத்தலைவர் நாலு மடங்கு என்றார். நானும் தட்டினேன். ஆனால் நீலத் துணியின் மேல் கொட்டிக் கிடந்த வெள்ளைத் தூளை விட்டு என் கண் நகரவில்லை. அந்தத் தூளை நான் தினமும் ஒருவர் சட்டையில் பார்க்கிறேன்.

ஒவ்வொரு துண்டும் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க எங்களிடம் ஓர் இயந்திரம் உண்டு. நசுக்கி என்போம். அதன் இரண்டு தட்டுகளுக்கு நடுவே நிறுத்த வேண்டுமானால் துண்டின் மேல்முகமும் கீழ்முகமும் சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு தப்பும். அதற்காக முதலில் ஈர உப்புத்தாளில் தேய்ப்போம். தேய்ப்பவர் மாவு அண்ணன். மாலையில் மில்லிலிருந்து வருபவர் போல வெளுத்துப் போய் வெளியே வருவார், அதனால் அந்தப் பெயர். தேய்க்கும்போதே சில துண்டுகள் உடைந்துவிடும். அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாங்கள் மட்டும் இல்லை, எங்கேயும் அப்படித்தான். தயாரிக்கும்போது ஏற்பட்ட சேதம் என்று ஒதுக்கிவிட்டு, நசுக்கியில் ஏறியவற்றை மட்டும்தான் கணக்கிடுவார்கள்.

எங்கள் கூடத்தில் அந்த விதியை எழுதியது நான். ஆறு வருடம் முன்பு, சுத்தமான கையெழுத்தில்.

ஆஸ்பத்திரியிலிருந்து கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கி, மீதியை நடந்தேன், நடந்ததில் பாதி ஓட்டம். மாவு அண்ணன் மூக்கில் துணி கட்டிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தேய்க்கும்போது உடைஞ்சதெல்லாம் எங்க போடுறீங்க?"

"டப்பாலதான். குப்பையில போடுன்னு யாரும் சொல்லலையே."

"குளிச்ச துண்டும் உடையுதா?"

"அதெல்லாம் பேதம் கிடையாது. குளிச்சது உடையும்போது டக்குனு சத்தம் வரும், அவ்வளவுதான்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணியை இறக்கினார். "நீங்கதானே சொன்னீங்க, தேய்க்கும்போது உடைஞ்சா எழுத வேணாம்னு?"

"நான்தாண்ணே சொன்னேன்."

மேஜைக்கு அடியிலிருந்து பெரிய பிஸ்கட் டப்பாவை இழுத்துக் கொடுத்தார். நல்ல மனுஷன், எதையும் தூக்கி எறியமாட்டார். ஒவ்வொரு துண்டையும் தாளில் மடித்து, தேதியும் எண்ணும் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். நான் தரையிலேயே உட்கார்ந்து குளித்தவற்றை மட்டும் பிரித்தேன். எண்ணினேன். நம்பாமல் மறுபடி எண்ணினேன். முப்பத்தேழு. எங்கள் அறிக்கையில் இருந்தவை நூற்றுப்பன்னிரண்டு, இரண்டும் சேர்ந்து நூற்று நாற்பத்தொன்பது. ஆக, குளித்த துண்டுகளில் நாலுக்கு ஒன்று உப்புத்தாளில் மெதுவாகத் தேய்த்ததற்கே உடைந்திருக்கிறது. நாங்கள் நோஞ்சான்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே வந்தவர்களை மட்டும் எடை பார்த்து, எங்கள் வீட்டில் எல்லோரும் பயில்வான் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறோம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஏன் உடைகிறது என்பது ஒரு துண்டைப் பிளந்து பார்த்ததும் தெரிந்தது. களியில் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழி உள்ளே சின்ன வெற்றிடமாக நிற்கிறது. சுற்றிலும் மூடியிருப்பதால் கண்ணாடிக் குழம்பு அதற்குள் போவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல துண்டு, கெட்ட துண்டு எதற்கும் முகத்தில் எழுதியிருக்காது. நசுக்கியில் சமமாக அழுத்தினால் சில சமயம் தாங்கியும்விடும். பக்கவாட்டில் இழுத்துத் தேய்த்தால்தான் குட்டு வெளிப்படும். உப்புத்தாள் செய்வது அதைத்தான். டாக்டரின் அரமும் அதைத்தான் செய்யப்போகிறது, கத்திரியின் கையைத் திறந்து வைத்துக்கொண்டு. அங்கேயே உடைந்தால் சரி, அடுத்த துண்டை எடுப்பார். உடையாமல் உள்ளே விரிசல் மட்டும் விழுந்து, பொருத்தித் தைத்த பிறகு உடைந்தால்? இன்னொரு தடவை திறக்க முடியாது.

துறைத்தலைவரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர்.

"அது தயாரிப்புச் சேதம். எல்லாரும் அப்படித்தான் ஒதுக்குறாங்க," என்றார். "காலையில டாக்டர் ராவினாரே, உடைஞ்சுதா?"

"அந்தத் துண்டு உடையல சார்."

"உங்களுக்குச் சொந்தக்காரங்கங்கறதால பதட்டம். வியாழன் முடியட்டும், உக்காந்து பேசலாம்."

"வியாழன் முடிஞ்சா பேச என்ன சார் இருக்கு?"

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கிருமிநீக்கி முத்திரை வைத்த பொட்டலம் கூடத்தில் இருந்தது, அதில் மூன்று துண்டுகள். ஒன்று வைப்பதற்கு, இரண்டு உபரி. அனுமதி அந்த மூன்று துண்டுகளுக்குத்தான், பொட்டலத்தைப் பிரித்தால் அது போச்சு. முதலிலிருந்து விண்ணப்பித்து, முதலிலிருந்து சோதித்துக் காட்ட வேண்டும். குறைந்தது எட்டு மாதம். புதன்கிழமை மதியத்துக்குள் நான் கையெழுத்துப் போட்டால் பொட்டலம் ஆஸ்பத்திரிக்குப் போகும். "கையெழுத்து உங்களோடது," என்றார். "யோசிச்சுப் பண்ணுங்க."

டாக்டருக்கும் போன் செய்து, ராவாமல் வைக்க முடியுமா என்று கேட்டேன். "கைய திறந்து வெச்சுகிட்டு நான் வாக்கு குடுக்க முடியாதும்மா," என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். அவரிடமும், துறைத்தலைவரிடமும், என்னிடமும் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல்.

அன்று முழுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கழுவிய குடுவைகளை மறுபடி கழுவினேன். மாடிப்படியில் காரணமில்லாமல் ஏறி இறங்கினேன். வீட்டில் துணி மடிக்க ஆரம்பித்து, பாதியில் விட்டு, ஜன்னலைத் துடைத்தேன். கையெழுத்துப் போட்டுவிடலாமா என்றும் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். நாலுக்கு மூன்று நல்லது என்றால் அது சின்ன வாய்ப்பா? எலும்பு முனை நாளாக ஆகத் தேய்ந்துகொண்டே போகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எட்டு மாதத்தில் இடைவெளி இன்னும் அகலமாகிவிட்டால், அந்தப் பழியும் என்னுடையதுதானே? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

செவ்வாய்க்கிழமை காலை கத்திரியின் கடைக்குப் போனேன். அவள் ஒரு பெரியவருக்கு இடது கையால் வெட்டிக்கொண்டிருந்தாள். வலது கை கழுத்திலிருந்து தொங்கிய பட்டைக்குள் மடங்கிக் கிடந்தது. இரண்டு வருடமாகப் பழகியும் இடது கை பழகவில்லை, பெரியவரின் ஒரு காதுப் பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் இருந்தது. அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு முழுக் காசையும் எண்ணி வைத்துவிட்டுப் போனார். பழைய வாடிக்கை, மரியாதைக்கு வருகிறார். அவர் போகும்வரை சிரித்துக்கொண்டிருந்தவள், போனதும் சிரிப்பை அணைத்துவிட்டாள்.

"உக்காருங்க அண்ணி. நுனியெல்லாம் பிளந்து கிடக்கு."

"வெட்ட வரல."

"தெரியுது. அதுக்காக அலைஞ்சுகிட்டே பேசணுமா? தல சுத்துது எனக்கு."

உட்கார்ந்தேன். துணியைப் போர்த்திவிட்டாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, முப்பத்தேழு, நான் எழுதிய விதி, குமிழி, அரம், முத்திரை வைத்த பொட்டலம், அதைப் பிரித்தால் எட்டு மாதம். கத்திரி வெட்டிக்கொண்டே கேட்டாள். முப்பத்தேழு என்றபோது கை நின்றது, பிறகு மறுபடி வெட்டினாள்.

"அந்தப் பொட்டலத்துல இருக்கறது நல்லதா கெட்டதா?"

"தெரியாது."

"தெரியாமத்தான் எனக்கு வெக்கப் போனீங்களா?"

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், எங்கள் வீட்டு வழக்கம் அது. நான் துணிக்குள் கையைப் பிசைந்தேன். "நேத்து வரைக்கும் தெரியாதுங்கறதே எனக்குத் தெரியாது," என்றேன்.

"இப்ப சொல்லாம இருந்திருக்கலாம்ல?" என்றாள் திடீரென்று. "வியாழக்கெழம நான் நிம்மதியா போய்ப் படுத்திருப்பேன். எட்டு மாசமாம் எட்டு மாசம். உங்களுக்கென்ன, வாய்ல சொல்லிட்டீங்க. இந்தக் கையால ஒரு சீப்பு புடிக்க முடியல அண்ணி. பாத்தீங்கல்ல அந்த மனுஷன் காத? அவரு பாவம் பாத்து வராரு. எனக்குப் பாவம் பாத்து வர்றவங்க வேணாம்."

"வேணும்னா கையெழுத்துப் போட்டுடறேன். நீயே சொல்லு."

"அப்புறம் உடைஞ்சா நான் சொன்னேம்பீங்க."

அவள் கத்திரியை மேஜையில் வைத்துவிட்டு என் கழுத்துத் துணியை உதறினாள். "எந்திரிங்க. அதப் பிரிச்சுப் பாக்கலாம்."

"பிரிச்சா வியாழக்கெழம கிடையாதுடி."

"காது கேக்குது. என் கைக்கு வர்ற பொட்டலம், நான் பாக்கறேன்."

கடையைப் பூட்டிவிட்டு என்னோடு பஸ் ஏறினாள். கூடத்தில் மாவு அண்ணன் அவளுக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், அதிலும் வெள்ளைத் தடம் விழுந்தது. முத்திரையைக் கிழித்தேன். கிழித்ததும் வியாழக்கிழமை முடிந்தது. மூன்று துண்டுகளையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தேன். டாக்டர் வைத்திருப்பது போன்ற அரம் ஒன்று எங்களிடமும் இருந்தது. மாவு அண்ணன் கை நீட்டினார், நான் தரவில்லை.

முதல் துண்டை நானே ராவினேன். டாக்டர் செய்தது போல முப்பது இழுப்பு, மாவு அண்ணன் எண்ணினார். தூள் கொட்டியது, துண்டு நின்றது. நசுக்கியில் வைத்தோம், நாற்பத்தொன்று வரை தாங்கியது.

இரண்டாவதையும் ராவினேன். நின்றது. நாற்பத்தைந்து.

"பாத்தீங்களா?" என்றாள். "ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? வீணா பயந்து, வீணா பிரிச்சு..." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அந்த நிமிஷம் மூன்றாவது உடைய வேண்டும் என்று ஓர் ஆசை வந்தது. அந்த ஆசையை நினைத்தால் இப்போதும் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மூன்றாவது துண்டு பன்னிரண்டாவது இழுப்பில் டக்கென்றது. சின்னச் சத்தம், விரல் சொடுக்குவது போல. ஒரு பாதி என் கையில் இருந்தது, மறுபாதி தரையில் விழுந்து உருண்டு அவள் செருப்பருகே நின்றது. உடைந்த முகத்தின் நடுவே கடுகளவு குழி.

மாவு அண்ணன் எண்ணுவதை நிறுத்தினார். கத்திரி குனிந்து இடது கையால் அதை எடுத்தாள். கட்டைவிரலால் தேய்த்தாள், அது தூளாக உதிர்ந்துகொண்டே இருந்தது.

"இந்த மூணுல டாக்டர் எத எடுத்திருப்பாரு?"

"எது கையில வருதோ அத."

அவள் அழுதாள். கை உடைந்த அன்றும் அழாதவள், இடுப்பெலும்பு கரைந்தது என்று சொன்ன அன்றும் டாக்டரைக் கேலி செய்தவள், அந்த ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தப்பித்ததற்கு அழவில்லை, எட்டு மாதத்துக்கு அழுதாள், எனக்கு அது தெரிந்தது. எனக்கோ நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருப்பது வெட்கமாகவும் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் தரையில் இருந்த தூளைக் கூட்டினேன், கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினேன்.

"அண்ணி, அத வெச்சுட்டு இங்க வாங்க," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "என்ன பண்ணா இது உடையாது?"

சொன்னேன். களியைக் குழைத்ததும் காற்றை முழுக்க உறிஞ்சி எடுக்க வேண்டும், இப்போது செய்வது போதாது. அரை அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஏழெட்டு அளவுகள் செய்து கொடுத்தால் டாக்டர் அரத்தைத் தொடவே வேண்டியிருக்காது. அப்புறம், முத்திரை வைப்பதற்கு முன்பு ஒவ்வொரு துண்டையும் தேய்த்து, ஓர் அளவுக்கு அழுத்திப் பார்க்க வேண்டும். உடைவது இங்கேயே உடையட்டும்.

"இதெல்லாம் ஆறு வருஷமா தோணலையா?"

"எழுதியிருந்தா தோணியிருக்கும். எழுதாம விட்டுட்டேன்."

"சரி, எழுதுங்க."

"வியாழக்கெழம ஆபரேஷன நிறுத்தச் சொல்லி எழுதத்தான் போறேன்."

"அது அப்புறம். அந்த டப்பாவ எழுதுங்க முதல்ல. என்னோடதையும் சேத்து." உடைந்த பாதியை என் மேஜையில் வைத்தாள். "அடுத்து எவ கைக்கோ போகும்ல."

அறிக்கைத் தாளை எடுத்தேன். மேலே நாலு மடங்கு என்று பெரிய எழுத்தில் இருந்தது, அதை அடித்தேன். கீழே, தேய்க்கும்போது உடைந்தவை என்று புதிதாக ஒரு வரி எழுத வேண்டும். மேஜையில் படிந்திருந்த தூளில் தாள் வழுக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. கத்திரி பட்டையிலிருந்து வலது கையை உருவி, வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, தாளின் ஓரத்தில் வைத்து அழுத்திப் பிடித்தாள்.

முப்பத்தெட்டு என்று எழுதினேன்.